படித்துக் காட்டாத எழுத்தர்

என் அத்தை பட்டீஸ்வரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறார். தாராசுரத்தில் என் வீட்டிலிருந்து சைக்கிளில் போய்வரும் தூரம்தான். ஐந்து மா நிலம், ஒரு கறவை மாடு. நிலம் சாப்பாட்டுக்கு, மாடு கைச்செலவுக்கு. அந்த மாடு ஒரு கார்த்திகை மழையில், விடியற்காலையில் செத்துப்போனது.

மாட்டுக்கு இன்சூரன்ஸ் இருந்தது. காதில் மஞ்சள் வில்லை, வில்லையில் 12 இலக்க எண். பாலிசிக் காகிதத்தின் பின்பக்கம் ஒரு வாட்ஸ்அப் எண்ணைப் போட்டு, இறப்பை உடனே தெரிவிக்கவும் என்று அச்சடித்திருந்தார்கள். அத்தை ஐந்தாவது வரை படித்தவர். வாசிப்பார், கையெழுத்துப் போடுவார், ஆனால் செல்போனில் தமிழ் தட்ட வராது. வாய்ஸ் போட வரும். மகளுக்கு, பேத்திக்கு, பால் சொசைட்டி ஆளுக்கு என்று எல்லோருக்கும் வாய்ஸ்தான். அன்றைக்கும் அந்த எண்ணுக்கு ஒரு வாய்ஸ் போட்டார், ஒரு நிமிஷம் ஐம்பது வினாடி. பிறகு காது வில்லையைப் போட்டோ எடுத்து அனுப்பினார். இரண்டு நீல டிக் விழுந்தது. பதிலும் வந்தது: “உங்கள் செய்தி பெறப்பட்டது. நன்றி.”

“ஆபீசர் பாத்துட்டாருப்பா. நன்றின்னுகூட போட்டிருக்காரு” என்று எனக்குப் போன் செய்து சொன்னார். கால்நடை மருத்துவர் வந்து பார்த்துச் சான்று எழுதிக் கொடுத்தார். மழையில் எவ்வளவு நேரம் போட்டு வைத்திருப்பது? மதியமே புதைத்துவிட்டார்கள்.

மூன்று வாரம் கழித்து அத்தையைக் கூட்டிக்கொண்டு அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த பெண் மரியாதையாகத்தான் பேசினார். “உங்ககிட்டேர்ந்து தகவலே வரலையேம்மா, சிஸ்டத்துல இல்ல.” போட்டோ அனுப்பினோமே? தேடிப் பார்த்தார். “இருக்கு, ஆனா நம்பர் கலங்கலா இருக்கு, எடுக்க முடியல.” வாய்ஸ் அனுப்பினாரே? “வாய்ஸெல்லாம் எங்க பாட் எடுக்காதுங்க.”

எடுக்காது என்றால், பெறப்பட்டது என்று ஏன் பதில் வந்தது? அதற்கு அவரிடம் பதில் இல்லை. என்னிடம் இருக்கிறது. இந்த மாதிரி பாட் எழுதித்தான் நான் பிழைக்கிறேன்.

அதனால்தான் அந்த நிறுவனத்தின் பெயரை இங்கே சொல்லவில்லை. பெயரைச் சொன்னால் அது ஒரு நிறுவனத்தின் குறையாகிவிடும். அதே தப்பை நானும் செய்திருக்கிறேன், என் நண்பர்களும் செய்திருக்கிறார்கள். சொல்லப்போனால் அதை நாங்கள் தப்பென்று நினைத்ததே கிடையாது.

மற்றவை என்கிற குப்பைக்கூடை

பாட்டுக்குள் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

நீங்கள் எழுத்தில் ஒரு செய்தி அனுப்பினால் அந்த எழுத்து அப்படியே நிறுவனத்தின் சர்வருக்கு வந்துவிடும். குரல் அப்படி வராது. இன்ன வகைக் கோப்பு, இன்ன அடையாள எண் என்று ஒரு சீட்டு மட்டும்தான் வரும். அந்த எண்ணைக் கொடுத்து வாட்ஸ்அப்பிடம் கோப்பு இருக்கும் முகவரியைக் கேட்க வேண்டும். கிடைக்கும் முகவரிக்கு ஐந்து நிமிஷம்தான் ஆயுள். அதற்குள் போய் எடுக்காவிட்டால் மறுபடி கேட்க வேண்டும். எடுத்த பிறகும் அது ஓப்பஸ் என்கிற முறையில் சுருக்கிய ஒலிக்கோப்பு. அதைப் பிரித்துக் கேட்க இன்னொரு நிரல், எழுத்தாக்க வேறொரு நிரல். போட்டோவுக்கும் இதே வழிதான். டெலிகிராமில் 2015-லிருந்தே பாட் எழுத வசதி உண்டு. அங்கேயும் கோப்புக்கு இதே மாதிரி ஓர் அடையாள எண்தான் வரும், 20 எம்பிக்கு மேலிருந்தால் பாட் இறக்கிக்கொள்ளவும் முடியாது. தட்டத் தெரிந்தவரின் செய்தி வீட்டுக்கே வந்துவிடுகிறது. பேசுகிறவரின் செய்திக்கு டோக்கன்தான் வரும், போய் வரிசையில் நின்று வாங்கிவர வேண்டும்.

பாட் எழுதுகிறவன் என்ன செய்வான்? முதலில் எழுத்துக்கு வழி செய்வான். ஒன்று அழுத்தினால் இது, இரண்டு அழுத்தினால் அது. குரல், படம், வீடியோ, பிடிஎஃப் எல்லாவற்றையும் “மற்றவை” என்று ஒரே கிளையில் தள்ளுவான். நாள் நெருங்கிவிட்டது, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பான். அந்தக் கிளையில் ஏதாவது ஒரு பதில் வைத்தாக வேண்டும். “புரியவில்லை” என்று வைத்தால் முதலாளிக்குப் பிடிக்காது. ஒரு வாடிக்கையாளர் என்னிடமே கேட்டார்: “என்ன தம்பி, டெமோவுல புரியலைன்னு சொல்லுது? நல்லதா ஒண்ணு போடுங்களேன்.” நல்லதாக ஒன்று போட்டேன். பெறப்பட்டது, நன்றி.

நீல டிக்கும் இப்படித்தான். மனிதர்களுக்குள் செய்தியைத் திறந்தால் நீலமாகும். பாட்டில் அது நிரலில் இருக்கும் ஒரு வரி. செய்தி வந்ததும் “படித்தாகிவிட்டது என்று குறி” என எழுதிவிட்டால் போதும், யாரும் படிக்காமலே நீலம் விழும். “டைப்பிங்...” என்று காட்டுவதற்கும் ஒரு வரி உண்டு. அந்தப் பக்கம் யாரும் எதையும் தட்டிக்கொண்டிருப்பதில்லை. ஆள் இருக்கிற மாதிரி காட்டினால் பேசுகிறவருக்கு நம்பிக்கை வரும் என்று எங்களுக்குச் சொல்லித்தந்திருக்கிறார்கள்.

அத்தைக்கு நம்பிக்கை வந்தது. அதுதான் அவருடைய நஷ்டம். பதிலே வராமல் இருந்திருந்தால் அன்றே எனக்கோ ஏஜெண்டுக்கோ போன் செய்திருப்பார், இல்லை பஸ் ஏறியிருப்பார்.

கேட்டு, எழுதி, படித்துக் காட்டி

கும்பகோணம் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் பக்கத்தில் போய் நின்று பாருங்கள். பத்திர எழுத்தர்கள் உட்கார்ந்திருப்பார்கள். திங்கட்கிழமை மக்கள் குறைதீர் நாளன்று தஞ்சாவூர் கலெக்டர் ஆபீசுக்குப் போனால் மனு எழுதித் தருகிறவர்களைப் பார்க்கலாம். ஒருவர் அழுதுகொண்டே சொல்வார், முன்னுக்குப்பின் சொல்வார், நடுவில் மச்சானைத் திட்டுவார். எழுத்தர் அத்தனையையும் கேட்டுக்கொண்டு “மேற்படி”, “தாழ்மையுடன்” எல்லாம் சேர்த்து ஒரு பக்கத்துக்குக் கொண்டுவருவார். சொல்லப்போனால் இன்றைய பாட் செய்வதும் அதே வேலைதான். குரலைக் கேட்டு எழுத்தாக்குவது, எழுத்தைச் சுருக்குவது, உரிய இடத்துக்கு அனுப்புவது.

ஆனால் அந்த எழுத்தருக்கு ஒரு வழக்கம் உண்டு. எழுதி முடித்ததும் படித்துக் காட்டுவார். “கேட்டுக்கங்க, சரியா இருக்கா?” என்பார். “ஐயா, வடக்கால வாய்க்கா இல்ல, கெழக்கால” என்று இவர் திருத்துவார். அதற்குப் பிறகுதான் கையெழுத்து, இல்லாவிட்டால் கைநாட்டு. படிக்கத் தெரியாதவர் கொடுக்கும் பத்திரத்தில், படித்துக் காட்டக் கேட்டு சரியென ஒப்புக்கொண்டார் என்று ஒரு வரி சேர்ப்பது நம் ஊர் வழக்கம். அந்த ஒரு வரியில்லாத கைநாட்டைச் சந்தேகிக்க இடமுண்டு என்பது பாமரனுக்கும் தெரியும், வக்கீலுக்கும் தெரியும்.

அந்த எழுத்தர்களை நான் தெய்வமாக்கவில்லை. கூடுதலாகக் காசு வாங்குகிறவர்கள் உண்டு. தெரிந்தே மாற்றி எழுதிக் குடியைக் கெடுத்தவர்களும் உண்டு. அப்படிப்பட்டவர்கள் இருந்ததால்தானே படித்துக் காட்ட வேண்டும் என்கிற வழக்கமே வந்தது? எழுத்தரை நம்ப முடியாது என்று தெரிந்துகொண்ட சமூகம் அந்த வழக்கத்தைப் போட்டுக்கொண்டது. இயந்திர எழுத்தரிடம் மட்டும் ஏன் அதைக் கேட்கக் கூடாது?

இந்தக் கட்டுரையில் நான் சொல்லவரும் விஷயம் இது ஒன்றுதான். குரலையும் கோப்பையும் வாங்கும் எந்தப் பாட்டும், தனக்கு என்ன புரிந்தது என்பதை அனுப்பியவருக்குத் திருப்பிச் சொல்ல வேண்டும். அவர் சரி என்று சொன்ன பிறகுதான் “பெறப்பட்டது” என்ற சொல்லைப் பயன்படுத்தலாம். அதற்கு முன்னால் சொன்னால் அது பொய்.

புகையானும் புகையும்

“இப்பல்லாம் அப்படி இல்ல சார், ஏஐ வந்திருச்சு” என்பார்கள். வந்திருக்கிறது. நல்லதும் நடந்திருக்கிறது, மறுக்கவில்லை.

2023 ஏப்ரலில் ஹரியானாவின் பிவான் கிராமத்தில் ஜுகல்பந்தி என்ற பாட் பயன்பாட்டுக்கு வந்தது. சென்னை ஐஐடியின் ஏஐ ஃபார் பாரத் மாதிரிகள், பாஷினி, மைக்ரோசாஃப்ட் வழியாக வந்த ஜிபிடி எல்லாம் சேர்ந்தது. கிராமத்தவர் வாட்ஸ்அப்பில் தன் மொழியில் பேசினால், எந்த அரசுத் திட்டத்தில் என்ன கிடைக்கும் என்று குரலிலேயே பதில் வரும். அப்போது 10 மொழிகள், சுமார் 20,000 அரசுத் திட்டங்களில் 171. அதே ஆண்டு செப்டம்பரில் பிஎம் கிசான் திட்டத்துக்காக கிசான் இ-மித்ரா வந்தது. தொடங்கிய நாளிலேயே தமிழும் இருந்தது. 2025 ஜனவரி 30 அன்று ஆந்திர அரசு 161 சேவைகளை “மன மித்ரா” என்று வாட்ஸ்அப்பிலேயே கொண்டுவந்தது. எழுதத் தெரியாதவரும் அரசாங்கத்தோடு பேசலாம் என்பது சின்ன விஷயமில்லை.

ஆனால் குரல் போகும் வழியைப் பாருங்கள். ஜுகல்பந்தி மாதிரியான அமைப்பில் பேச்சு முதலில் எழுத்தாகிறது, எழுத்து ஆங்கிலமாகிறது, ஆங்கிலத்தில் விடை தேடப்படுகிறது, விடை திரும்ப நம் மொழிக்கு வருகிறது, பிறகு குரலாகிறது. ஐந்து கை மாறுகிறது. முதல் கையில் ஒரு சொல் தவறினால் மற்ற நான்கும் அந்தத் தவற்றைத்தான் ஒழுங்காக, பிழையில்லாமல் எடுத்துச் செல்லும்.

டெல்டாவில் எந்தச் சொல் தவறும் என்பதற்கு நான் கண்ட உதாரணம் சொல்கிறேன். நெல்லுக்கு வரும் பூச்சிகளில் ஒன்று புகையான். “புகையான் விழுந்திருக்கு, என்ன மருந்து அடிக்கிறது?” என்று பக்கத்து வயல்காரர் பேசியதை ஓர் இயந்திரத்திடம் கொடுத்துப் பார்த்தேன். “புகை விழுந்திருக்கு” என்று எழுதியது. பின்னால் இருந்த பாட் தீ விபத்துக்கு முன்னெச்சரிக்கை சொன்னது. ஆனைக்கொம்பன் என்பது ஓர் ஈ, தாக்கினால் குருத்து வெங்காயத் தாள் மாதிரி குழலாகிவிடும். இயந்திரம் அதை “ஆனைக்கொம்பு” என்று எழுதியது. யானைத் தந்தம் வைத்திருப்பது சட்டப்படி குற்றம் என்று விவசாயிக்கு அறிவுரை கிடைத்தது. சிரித்தோம். ஆனால் ஏக்கர் கணக்கில் நட்டுவிட்டு நிற்கிறவருக்கு அது சிரிப்பில்லை. படித்துக் காட்டியிருந்தால் அந்த இடத்திலேயே “புகை இல்லப்பா, புகையான்” என்று சொல்லியிருப்பார். ஒரு வினாடி வேலை.

இயந்திரங்கள் ஏன் இப்படிக் கேட்கின்றன என்பதில் மர்மம் ஒன்றும் இல்லை. ஓப்பன்ஏஐ 2022 செப்டம்பரில் வெளியிட்ட விஸ்பர், உலகமெங்கும் இலவசமாகப் பயன்படும் பேச்சறி கருவி. அதைப் பழக்கிய ஒலி மொத்தம் 6,80,000 மணி நேரம். அதில் தமிழ்ப் பேச்சும் அதற்கான தமிழ் எழுத்தும் சேர்ந்த பகுதி 200 மணி நேரம்கூட இல்லை. அந்த மணி நேரங்களில் பட்டீஸ்வரத்துக்காரர் எத்தனை பேர் பேசியிருப்பார்கள்?

புரியாததைப் புரியவில்லை என்று சொல்லாத குணமும் அதற்கு உண்டு. 2024-ல் வெளியான ஓர் ஆய்வில், கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர் உள்ளிட்ட ஆய்வாளர்கள் விஸ்பர் எழுதியவற்றைச் சோதித்தார்கள். சுமார் ஒரு சதவீத ஒலித்துண்டுகளில் யாருமே பேசாத முழு வாக்கியங்கள் இருந்தன. அத்தனையும் ஆங்கிலப் பேச்சு. மூளைப் பாதிப்பால் திக்கித் திக்கி, இடைவெளி விட்டுப் பேசுகிறவர்களின் பதிவில் இது அதிகம். மௌனம் வரும் இடத்தில் இயந்திரம் தானாக எதையோ இட்டு நிரப்புகிறது. செத்த மாட்டுக்குப் பக்கத்தில் நின்று பேசுகிற பெண் இடைவெளி விடாமல் பேசுவாரா?

எங்கள் தெருவில் இன்னொரு சிக்கல். தாராசுரம் பட்டுத்தறி ஊர். நெசவாளர் வீடுகளில் பெரும்பாலும் சௌராஷ்டிரம்தான் பேச்சு. அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் இருக்கும் 22 மொழிகளில் சௌராஷ்டிரம் இல்லை. அதனால் அந்த 22-ஐ இலக்காக வைத்து நடக்கும் அரசுத் திட்டங்களிலும் அதற்கு இடமில்லை. ஒரு ஜவுளிக்கடை முதலாளிக்காக நான் பாட் எழுதினேன். தறி எந்த நிலையில் இருக்கிறது என்று நெசவாளர்கள் வாய்ஸில் சொல்ல வேண்டும். “பாவு முடியப்போகுது, ஊடை வரல” என்று ஒருவர் தமிழில்தான் சொன்னார். “உடை வரல” என்று எழுதியது. “கோர்வை” என்றால் “போர்வை”. அவசரத்தில் வாய் தானாகச் சௌராஷ்டிரத்துக்குப் போனபோது, இயந்திரம் கொஞ்சமும் தயங்காமல் தமிழ் மாதிரி தோன்றும் எதையோ எழுதித்தந்தது. “இது எனக்குத் தெரியாத மொழி” என்று அது ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகுதான் படித்துக் காட்டும் வேலையைச் சேர்த்தேன். “நீங்கள் சொன்னது இது. சரியா?” என்று குரலிலேயே கேட்கும். முதல் வாரம் முழுக்க “இல்ல, இல்ல” என்றுதான் பதில். முதலாளிக்குக் கவலை. எனக்குப் புதையல். அந்த “இல்ல”களை வைத்துத்தான் ஊடை, கோர்வை, பேட்டு, தார் என்று ஒரு சொல்பட்டியல் போட்டேன். அவர்கள் திருத்தித் திருத்தித்தான் பாட்டுக்குக் காது வந்தது.

போட்டோவுக்கும் இதுதான் கதை

குரலை விடுங்கள், படம் தெளிவாகத்தானே இருக்கும் என்று நினைப்போம். அத்தையின் போனில் அந்தக் காது வில்லைப் படத்தைத் திறந்து பார்த்தேன். 12 எண்ணும் பளிச்சென்று இருந்தது. வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பும்போது படம் சுருக்கப்படுகிறது. தூரத்திலிருந்து, மழை வெளிச்சத்தில் எடுத்த படத்தில் சின்ன எழுத்து கலங்கிப்போகும். எந்த நேரத்தில், எந்த இடத்தில் எடுத்தது என்று படத்துக்குள் ஒளிந்திருக்கும் விவரமும் உதிர்ந்துவிடும். அதே படத்தை டாக்குமெண்டாக அனுப்பினால் சுருங்காது. இதை அத்தைக்கு யார் சொல்வது? பாட் சொல்லியிருக்கலாம். “எண் தெளிவாக இல்லை, கிட்டே போய் இன்னொரு படம் எடுங்கள்” என்று ஒரு பதில். மாடு அப்போது வாசலில்தான் கிடந்தது. மூன்று வாரம் கழித்துச் சொன்னால் எங்கே போய் எடுப்பது?

இது மாட்டோடு போகிற விஷயமில்லை. பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் தனிப்பட்ட வயலுக்கு ஏற்படும் சேதத்தை 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். நெல் வயல் தண்ணீரில் மூழ்குவதை 2018-ல் அந்தப் பிரிவிலிருந்து எடுத்துவிட்டார்கள். 2026 காரிஃப் பருவத்திலிருந்து மறுபடி சேர்ப்பதாக 2025 நவம்பரில் மத்திய அரசு அறிவித்தது. நம் பகுதிக்கு நல்ல செய்தி. கூடவே ஒரு நிபந்தனை, இடக்குறியுள்ள போட்டோவைச் செயலியில் ஏற்ற வேண்டும். இங்கே என்ன நடக்கும் என்று எனக்கு இப்போதே தெரிகிறது. இடுப்பளவு தண்ணீரில் நின்று பெரியவர் போட்டோ எடுப்பார். செயலி ஓடாத போன். பேரனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவார். இடக்குறி வழியிலேயே போய்விடும். பேரன் திருப்பூரிலிருந்து ஏற்றுவான். வயல் அரசலாற்றங்கரையில் இருக்கும், கணக்கு வேறெங்கோ இருக்கும். 72 மணி நேரம் ஓடிக்கொண்டிருக்கும். யாராவது படித்துக் காட்டினால்தான் தப்பு தெரியும், அதுவும் கெடு முடிவதற்குள் தெரிய வேண்டும்.

சரி, என்னதான் சொல்றீங்க?

இதையெல்லாம் சொன்னால் என் தொழில்காரர்கள் மூன்று பதில் வைத்திருக்கிறார்கள்.

ஒன்று: “ஒண்ணுமே இல்லாததுக்கு இது மேல்.” அத்தை விஷயத்தில் இது பச்சைப் பொய். ஒன்றுமே இல்லாவிட்டால் அவர் வேறு வழி தேடியிருப்பார். இல்லாத கதவு யாரையும் ஏமாற்றாது, சுவரில் வரைந்து வைத்த கதவுதான் ஏமாற்றும். குரல் எடுக்க வசதியில்லையா? “வாய்ஸ் எங்களால் கேட்க முடியாது, இந்த எண்ணுக்குப் போன் செய்யுங்கள்” என்று சொல்லுங்கள். அது நாணயமான பதில்.

இரண்டு: “ஆள் போட்டா கட்டுப்படியாகாது.” எல்லாவற்றுக்கும் ஆள் கேட்கவில்லை. படித்துக் காட்டி, இரண்டு தடவை “இல்ல” என்று பதில் வந்தால் ஆளிடம் போகட்டும். சாவு, சேதம், பணம், கெடு தேதி என்று வந்தால் ஆளிடம் போகட்டும். 2004 ஜனவரியிலிருந்து கிசான் கால் சென்டரில் மனிதர்கள்தான் விவசாயிகளிடம் போனில் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அந்த நாட்டில்தான் நாம் இருக்கிறோம். இதில் இன்னொரு முடிச்சும் உண்டு. வாட்ஸ்அப் விதிப்படி, ஒருவர் கடைசியாக எழுதி 24 மணி நேரத்துக்குள்தான் நிறுவனம் அவருக்கு இயல்பாகப் பதில் எழுத முடியும். அதற்குப் பிறகு முன்கூட்டி ஒப்புதல் வாங்கிய வார்ப்பு வாசகம் மட்டும்தான். சனிக்கிழமை காலை வந்த அழுகையைத் திங்கட்கிழமை ஒருவர் கேட்டால், தன் சொந்த வார்த்தையில் ஆறுதல்கூடச் சொல்ல முடியாது. ஊரான் நிலத்தில் குத்தகைக்கு வீடு கட்டினால் இப்படித்தான். பொதுவான ஏஐ பாட்களுக்கு 2026 ஜனவரி 15 முதல் இடமில்லை என்று அதே வாட்ஸ்அப் ஒரே அறிவிப்பில் சொன்னதையும் பார்த்தோம். வாடிக்கையாளர் சேவைப் பாட்களுக்கு அந்தத் தடை இல்லை என்றாலும், நிலம் யாருடையது என்பது தெரிந்துவிட்டது.

மூன்று: “மாடல் நாளுக்கு நாள் நல்லாகிட்டு வருது, அடுத்த வருஷம் சரியாயிடும்.” நல்லாகட்டும். ஆனால் மாடல் நல்லாக ஆக அதன் தப்பும் நல்ல தமிழில் வருகிறது. கொச்சையாகத் தப்பினால் கண்ணில் படும். சுத்தமான வாக்கியமாகத் தப்பினால் யார் சந்தேகப்படுவார்கள்? பத்திர எழுத்தரின் கையெழுத்து அழகாக இருக்கிறது என்பதற்காகப் படித்துப் பார்க்காமல் கைநாட்டு வைப்போமா?

பொறுப்பு யாருடையது என்பதிலும் மழுப்பல் வேண்டாம். ஏர் கனடா நிறுவனத்தின் பாட் ஒரு பயணிக்குத் தவறான தகவல் தந்தது. பாட் சொன்னதற்கு நாங்கள் பொறுப்பில்லை என்கிற மாதிரி அந்த நிறுவனம் வாதாடியது. கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா தீர்ப்பாயம் 2024 பிப்ரவரியில் அதை ஏற்கவில்லை, இழப்பீடு கொடுக்கச் சொன்னது. தவறாகச் சொன்னதற்கே பொறுப்பு என்றால், கேட்காமலே கேட்டேன் என்று சொன்னதற்குப் பொறுப்பில்லையா?

அடுத்தது, அசல். எழுத்தாக்கியதும் குரல்கோப்பை அழித்துவிடும் பாட்கள் நிறைய. இடம் மிச்சம், காசு மிச்சம். தாராசுரம் கோவிலுக்குப் போனவர்களுக்குத் தெரியும். நாயன்மார் கதைகளைச் சாண் அளவுச் சிற்பங்களாகச் செதுக்கி, பலவற்றில் கூடவே பெயரையும் எழுத்தாக வெட்டியிருக்கிறார்கள். இரண்டாம் ராஜராஜன் காலத்து வேலை. எண்ணூறு வருஷத்துக்கு மேல் கழித்து ஓர் ஆய்வாளர் வந்து “இந்தப் பெயர் இந்தக் காட்சிக்குப் பொருந்துகிறதா?” என்று கேட்க முடிகிறது, ஏனென்றால் எழுத்தும் இருக்கிறது, சிற்பமும் இருக்கிறது. எழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு சிற்பத்தை இடித்திருந்தால்? குரலை அழித்துவிட்டு இயந்திரம் எழுதியதை மட்டும் வைத்துக்கொள்வது அந்த வேலைதான். வழக்கு என்று போனாலும், 2024 ஜூலையிலிருந்து நடைமுறையில் இருக்கும் பாரதிய சாட்சிய சட்டத்தின்படி மின்னணுப் பதிவைச் சான்றிதழோடு கொடுக்க வேண்டும். அசலே இல்லாதபோது எதற்குச் சான்றிதழ்?

குரலை வைத்திருந்தால் அந்தரங்கம் என்னாவது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. குரலும் ஒருவரின் சொந்தத் தரவுதான். 2023-ல் அதற்குச் சட்டமும் வந்துவிட்டது, 2025 நவம்பரில் விதிகளும் வந்துவிட்டன. விவகாரம் முடியும்வரை வைத்திருங்கள், முடிந்ததும் அழியுங்கள். அவர் கேட்டால் ஒரு நகல் கொடுங்கள். அவரைக் கேட்காமல் அந்த அழுகையை எடுத்து உங்கள் அடுத்த மாடலுக்குப் பாடம் சொல்லித்தராதீர்கள்.

ஆகவே கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. கேட்காததைக் கேட்டதாகச் சொல்லாதே. புரிந்ததைப் படித்துக் காட்டு. படம் சரியில்லை என்றால் அப்போதே சொல். அசலை வைத்திரு. இரண்டு தடவை புரியாவிட்டால் ஆளைக் கூப்பிடு. கடைசியில் ஒரு பதிவு எண்ணும் தேதியும் கொடு, கலெக்டர் ஆபீசில் மனுவுக்குக் கொடுக்கிற மாதிரி. இதில் எதுவும் புதிய கண்டுபிடிப்பு கேட்பதில்லை. என்னைப் போன்ற ஒருவன் ஒரு வாரம் உட்கார்ந்தால் முடிகிற வேலை. அந்த ஒரு வாரத்தைக் கொடுக்க யாரும் தயாராக இல்லை, நானும் கேட்டு வாங்கவில்லை.

அத்தைக்குப் பணம் வரவில்லை. “போவுது விடு” என்கிறார். போன் மாற்றினால் போய்விடுமே என்று அந்த வாய்ஸை நான் நகல் எடுத்து வைத்தேன். அதுவரை நானும் அதைக் கேட்டதில்லை. நீல டிக் இருக்கிறது, பெறப்பட்டது என்று பதில் இருக்கிறது, அதுவே போதும் என்று அலுவலகத்தில் அவற்றைத்தான் காட்டிக்கொண்டிருந்தேன். அன்று இரவுதான் உட்கார்ந்து முழுதாகக் கேட்டேன். முதல் இருபது வினாடி மழைச் சத்தம் மட்டும். பிறகு மாடு எப்போது படுத்தது, எப்போது நுரை தள்ளியது என்று சொல்கிறார். நடுவில் அழுகிறார். கடைசியில் மூக்கை உறிஞ்சிவிட்டு, “நம்பர் சொல்றேன் எழுதிக்கங்க” என்று காது வில்லையில் இருந்த 12 எண்ணையும் ஒவ்வொன்றாக, நிறுத்தி நிறுத்தி, இரண்டு தரம் சொல்லியிருக்கிறார்.